சிக்கிமுக்கி இல்லாத மலை

கேகாலை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், களனி கங்கை பாறைகளுக்கிடையே இரைந்துகொண்டு இறங்கும் கித்துல்கலைப் பகுதித் தோட்டமொன்றில், மழைக்காலத்துக்கு முன்பாகக் கான் வெட்டிக்கொண்டிருந்த இருவரோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. செம்மண்ணைப் பிளந்துகொண்டு சென்ற அலவாங்கு, மண்ணுக்குள் மறைந்திருந்த ஏதோ ஒரு வெள்ளைக் கல்லின்மேல் 'ணங்' என்று இறங்கிற்று. பொழுது மங்கிவிட்டபடியால் அதிலிருந்து தெறித்த பொறி நன்றாகத் தெரிந்தது. "நெருப்புக் கல்லு அண்ணே!" என்றார் இளையவர். மூத்தவர் குனிந்து அதை எடுத்து, ஈரமண்ணை விரலால் வழித்துவிட்டு, "வெங்கச்சாங்கல்லு தம்பி. எங்க பாட்டன் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவரு, அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். மேல் பாதையில் போய்க்கொண்டிருந்த சிங்கள அயலவர் ஒருவர் எட்டிப்பார்த்து, "திருவானா" என்று சொல்லிவிட்டு நடந்தார். பள்ளிக்கூடத்துச் சரித்திர பாடத்தைத் தலையில் சுமந்து நின்ற எனக்கோ, வாய்வரை வந்து நின்ற சொல் சிக்கிமுக்கி.

ஆதிமனிதன் எதனால் ஆயுதம் செய்தான் என்று கேட்டால், தமிழ் படித்த பிள்ளை எதுவாயினும் சிக்கிமுக்கிக் கல்லால் என்று யோசியாமல் பதில் சொல்லும். அந்த விடை ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் பொருந்தும்; சப்ரகமுவ மலைகளுக்குப் பொருந்தாது. ஆங்கிலேயர் 'ஃபிளிண்ட்' என்று சொல்லும் கல், கடலடியில் படிந்த வெண்சுண்ணப் பாறைக்குள்ளே முண்டு முண்டாய் உருக்கொள்வது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைகளோ, பூமியின் ஆழத்தில் அளவற்ற வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, பிற்பாடு மேலே வந்த மிகப் பழைய பாறைகள். அவற்றில் வரிகொண்ட நைஸ் உண்டு, கறுத்த சார்னொக்கைட் உண்டு, இடையிடையே சலவைக்கல்லும் உண்டு. வெண்சுண்ணம் இல்லை, ஆகவே ஃபிளிண்டும் இல்லை. அதற்கு இனமான 'சேர்ட்' என்னும் கல் மாத்திரம் அகழ்வுகளில் அரிதாக அகப்படுகிறது. மற்றபடி, இம்மலைகளில் வாழ்ந்த பழங்குடி மனிதன் கையிலெடுத்ததெல்லாம், அன்று அந்த அலவாங்கில் பொறி தெறிக்கச் செய்த அதே வெள்ளைக் கல்தான்: சாஸ்திரம் குவார்ட்ஸ் என்று சொல்வது.

அப்படியானால் சிக்கிமுக்கி என்ற சொல் எங்கிருந்து வந்து இந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது?

சங்கப் புலவர் இச்சொல்லை அறியார். அவர்கள் காலத்தில் நெருப்பு மரத்தோடு மரம் கடைந்து பிறந்தது. அந்தக் கருவிக்கு ஞெலிகோல் என்று பெயர். சிக்கிமுக்கி, சக்கிமுக்கி என்று இருவகையாகவும் வழங்கும் நம் சொல்லுக்குத் தெலுங்கில் செகுமுகி, கன்னடத்தில் சகமகி, மராத்தியிலும் உருதுவிலும் சக்மக் என்று உறவுக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வடமேற்கே நடந்தால் பாரசீகத்தைக் கடந்து துருக்கி மொழியில் போய் நிற்போம். அங்கே 'சக்' என்பது தட்டுதல், மோதிப் பொறி எழுப்புதல் என்னும் அர்த்தமுடைய வினையடி; 'சக்மக்' என்பது அதிலிருந்து பிறந்த பெயர். இன்றைக்கும் துருக்கியர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிகரெட் லைட்டருக்கு அதுதான் பெயர் என்பதை நினைத்தால், இந்தச் சொல்லின் சுபாவம் விளங்கிவிடும். சிக்குதல், முக்குதல் என்று தமிழ் வினைகளைப் பிரித்துக் காட்டி வேர் சொல்ல முயன்ற அன்பர்களை நான் சந்தித்திருக்கிறேன். எதுகை இனிமையாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு பிரமாணம் இல்லை.

கவனிக்கவேண்டியது, அது கல்லின் பெயராகப் பிறக்கவில்லை என்பது. உருக்குத் துண்டு ஒன்று, கூர்விளிம்புள்ள கல் ஒன்று, பொறியை ஏந்திக்கொள்ளக் கருகிய பஞ்சு கொஞ்சம், இவற்றையெல்லாம் ஒரு சிறு பையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வழிநடந்தவனுடைய தீமூட்டும் காரியத்துக்கே அது பெயராயிருந்தது. அந்தக் கல் எந்தச் சாதிக் கல் என்பதைப்பற்றி அவனுக்குக் கவலை கிடையாது. உருக்கைவிடக் கடினமாக இருந்து அதிலிருந்து ஒரு துகளைச் சீவி எரியவைத்தால் போதும். குவார்ட்ஸ் அதை நன்றாகவே செய்யும். பொறி கல்லிலிருந்து பறப்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் எரிவது சீவப்பட்ட இரும்பின் துகளே. கித்துல்கலையில் நான் கண்டதும் அலவாங்கின் பொறியே. பிறகு தீப்பெட்டி வந்தது. பை மறைந்தது, பஞ்சு மறைந்தது, உருக்குத் துண்டு மறைந்தது. செய்வதற்கு வேலையில்லாமல் நின்ற சொல்லை, ஆங்கிலப் பாடநூலைத் தமிழாக்கியவர்கள் ஃபிளிண்ட் என்பதற்கு ஈடாக எடுத்து வைத்தார்கள். இவ்வாறாக, இரும்பு இல்லாமல் ஒருபோதும் இயங்கியிராத ஒரு கருவியின் பெயர், இரும்பையே கண்டிராத மனிதனுடைய ஆயுதத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மொழிபெயர்த்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவசரத்துக்கு அகப்பட்ட சொல் அது. ஆனால் அந்தச் சொல்லோடு கூடவே ஐரோப்பியக் கல்லும் நம் பிள்ளைகளின் கற்பனைக்குள் இறக்குமதியாகிவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகள் மாத்திரமா? இலங்கையில் கல்லாயுதங்களை முதலில் கவனித்தவர்கள் தேயிலைத் தோட்டத் துரைமார். கித்துல்கலைக்கு மேலே மஸ்கெலியாவில் தோட்டக்காரராயிருந்த ஜோன் போல் என்பவரும், பிற்காலத்தில் பூச்சியியல் அறிஞராகப் பெயர்பெற்ற ஈ. ஈ. கிரீன் என்பவரும், காட்டை அழித்துக் கன்று நட்ட சரிவுகளில் மழை அரித்துக் காட்டிய வெள்ளைக் கற்சில்லுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பொறுக்கினார்கள். அவர்கள் பொறுக்கிய சரிவில் குழி வெட்டியதும் கான் வெட்டியதும் யாருடைய கைகள் என்பதை நூல்கள் எழுதுவதில்லை. 1907இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து வந்த பவுல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவர் ஊவாவின் நில்கலைக் குகையைத் தோண்டி, இவை வேடர்களின் முன்னோர் செய்த கருவிகள் என்று அடுத்த ஆண்டே நூல் வெளியிட்டார்கள். ஆயினும் குவார்ட்ஸ் சில்லை ஆயுதமென்று ஒப்புக்கொள்ளுதல் ஃபிளிண்டில் பழகிய கண்ணுக்கு எளிதன்று. ஃபிளிண்ட், தட்டினால் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து வழுவழுப்பாகப் பெயர்ந்து, அடித்த இடத்தில் ஒரு மேட்டையும் அதைச் சுற்றி அலைகளையும் காட்டும். மனிதன் கைபட்டதற்கு அந்த மேடே கையெழுத்து. குவார்ட்ஸோ, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நூறு வெடிப்புகளோடு பிறந்த கல். ஒரே அடியில் நினைத்த பக்கம் ஒரு துண்டும் நினையாத பக்கம் பத்துத் துண்டுமாய்ச் சிதறும். மலையிலிருந்து உருண்டு உடைந்ததா, மனிதன் உடைத்ததா என்று சொல்ல, அதையே பல்லாண்டு கையில் வைத்துப் பார்த்த பழக்கம் வேண்டும்.

தமிழகத்தில் இந்தச் சங்கடம் இத்தனை இருக்கவில்லை. 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரி குவார்ட்சைட் என்னும் கல்லாலானது. அது கைநிறையப் பெரியது, மணல் இறுகிப் பாறையானது, ஓரளவு சொன்னபடி கேட்பது.

சப்ரகமுவ மனிதன் தன் அடங்காத கல்லை எவ்வாறு அடக்கினான் என்பது பார்க்கத்தக்கது. கூழாங்கல் ஒன்றைப் பெரிய கல்லின்மேல் நிமிர்த்தி வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையிலுள்ள கல்லால் உச்சியில் நேராக அடித்தால், மேலிருந்து ஓர் அதிர்ச்சியும் கீழிருந்து ஓர் அதிர்ச்சியுமாகப் புகுந்து கல் நெடுக்குவாட்டில் பிளக்கும். பாக்கை உரலில் வைத்து உடைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. சிதறியவற்றுள் ஒரு விளிம்பு கத்தியாய் அமைந்த சில்லைத் தெரிந்தெடுத்து, மறு விளிம்பை மாத்திரம் சிறுகச் சிறுகக் கொத்தி மழுக்கிவிட்டால், பிறைவடிவிலோ முக்கோணமாகவோ சரிவகமாகவோ ஒரு நுண்கருவி கிடைக்கும். நாலு சென்டிமீற்றருக்கு மேற்படாத அளவு. மழுக்கிய முதுகைத் தடியிலோ அம்பிலோ பிசின் வைத்துப் பதிக்கலாம். இத்தகைய கருவிகள் ஐரோப்பாவில் பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்று எண்ணப்பட்டிருந்த காலத்தில், குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலெனவிலும் கித்துல்கலைப் பெலிலெனவிலும் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வுகள், முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவை இங்கே செய்யப்பட்டன என்று காட்டின. ஆராய்ச்சி உலகம் முதலில் நம்பத் தயங்கிய இச்செய்தியைப் பிற்பட்ட காலக்கணிப்புகள் இன்னும் பின்னோக்கித் தள்ளியிருக்கின்றனவேயன்றிக் குறைக்கவில்லை.

பெலி என்றால் நத்தை; லென என்றால் குகை. அக்குகைகளில் வாழ்ந்தவர்கள் தின்று குவித்த நத்தை ஓடுகள் இன்றும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. லென என்ற சிங்களச் சொல், உறைவிடம் என்று பொருள்படும் 'லயன' என்னும் வடசொல்லின் வழிவந்தது; அதே மலைச்சரிவில் பத்தடிக்குப் பத்தடி அறைகளில் நம்மவர் குடியிருக்கும் லயமோ, ஆங்கிலத்து 'லைன்' திரிந்து ஆனது. ஒலியும் ஒன்று, குடியிருப்பு என்ற பொருளும் ஒன்று, பிறப்பு மாத்திரம் வேறு! சொல்லாராய்ச்சிக்காரன் சறுக்கி விழுவது இம்மாதிரி இடங்களில்தான்.

திருவானாவிலும் அந்தச் சறுக்கல் உண்டு. தமிழ்ப் பற்று மிக்க நண்பரொருவர் அதனைத் திரு என்றும் வான் என்றும் பிரித்து, வானத்திலிருந்து வந்த திருக்கல் என்று எனக்கு ஒரு மணிநேரம் விளக்கினார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அது சிங்களத்தில் குவார்ட்ஸுக்கு வழங்கும் ஊர்ப்பெயர். தொழிலாளியின் வாயிலும் புவியியலாளரின் நூலிலும் ஒன்றாகவே நிலைத்திருப்பது அதன் பாக்கியம். இரத்தினபுரி நகரை ஒட்டித் திரிவானாகெட்டிய என்று ஓர் ஊரே இருக்கிறது. கெட்டிய என்றால் கட்டி, ஆகவே வெள்ளைக்கல் கட்டி கிடந்த இடம் என்று அப்பெயரைப் படிக்க எனக்கு ஆசை.

கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நல்ல குவார்ட்ஸுக்கு நம்மிடம் பழைய பெயர் இல்லாமலில்லை. வடமொழி ஸ்படிகம் பிராகிருதத்தில் உருமாறித் தமிழில் பளிங்காயிற்று. சிங்களத்திலும் அதே பளிங்கு. குறளாசிரியர் கையாண்ட சொல் அது. மணிமேகலையில் பளிக்கறைக்கென்று ஒரு காதையே உண்டு. பட்டதொம்பலெனப் பிறைக்கருவிகளை அச்சொல்லாலேயே அழைத்திருக்கலாம். ஆனால் இடைக்காலத்தில் அது சலவைக்கல்லுக்குப் பெயராகிக் கோயில் தரைக்குப் போய்விட்டது. பளிங்கு ஆயுதம் என்று எழுதினால் இன்றைய வாசகன் தாஜ்மகாலை உடைத்துச் செய்ததாக நினைப்பான்.

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் இக்கல்லுக்குப் பெயரே தேவைப்படுவதில்லை. சேற்றையும் களியையும் இறைத்துக் கீழே இறங்கினால் உருண்ட கூழாங்கற்கள் நிறைந்த படுகை வரும். அதற்கு இல்லம் என்று பெயர். சிங்களத்து 'இல்லம' என்பதைத் தமிழர் அப்படியே சொல்கிறார்கள். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இல்லத்தை வட்டியில் அள்ளி நீரில் சுழற்றி அலசும்போது முதலில் வெளியே வீசப்படுவது வெள்ளைக் கூழாங்கல். நீர்யானை, காண்டாமிருகம் முதலிய, இத்தீவில் இன்று இல்லாத மிருகங்களின் கல்லாய்ப்போன எலும்புகளை இவ்வில்லங்களிலிருந்து திரட்டிய பி. ஈ. பி. தெரணியகல, சிரானின் தந்தை, அவற்றோடு கிடைத்த கற்கருவிகளுக்கு இரத்தினபுரிக் கலாசாரம் என்றும், பிற்பட்ட நுண்கருவிகளுக்குப் பலாங்கொடைக் கலாசாரம் என்றும் பெயரிட்டார். ஆற்றுநீர் உருட்டிக் கலந்த படுகையாதலால் எது எக்காலத்தது என்று இல்லத்தை நம்பிச் சொல்வது கடினம். குகை மண் அவ்வகையில் நேர்மையான சாட்சி.

ஆக, இக்கற்கருவிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தால் நான் எழுதக்கூடியது வெங்கச்சாங்கல் என்பதே. இலங்கைத் தமிழனுக்குக் கச்சான் என்றவுடன் வறுத்த நிலக்கடலை நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபத்தை நான் அறிவேன். இருந்தாலும், சேலத்துச் சீமையின் காட்டுமேட்டில் இக்கல்லைக் கண்டு பழகியவர்கள், கப்பலேறி வந்து அதே கல்லை இம்மலையில் கண்டதும் தயங்காமல் அழைத்த பெயர் அது. அவர்கள் ஒரு புத்தகத்தையும் கேட்கவில்லை.

அன்று கான் வேலை முடிந்தபின், மூத்தவர் கல்லை இரண்டாக உடைத்துத் தம் பேரனுக்குக் கொண்டுபோனார். லயத்து அறையில் விளக்கை அணைக்கச் சொல்லி, துண்டு இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்துக் காட்டினார். பொறி பறக்கவில்லை, கல்லுக்கு உள்ளேயே மங்கலான ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று தேய்க்கும்போதெல்லாம் வந்து வந்து அணைந்தது. பையன் கல்லை மூக்கருகே கொண்டுபோய், "தீய்ஞ்ச வாசம் அடிக்குது தாத்தா" என்றான்.