கீலுக்காகப் பிறந்த குட்டை உளி



நம் வீடு ஒவ்வொன்றிலும் நான்கைந்து கதவுகளாவது இருக்கும். அவற்றைத் தாங்குபவை கீல்கள். அந்தக் கீல்களைப் பதிப்பதற்கென்றே ஒரு உளி உண்டு. 'பட் சிசல்' என்பார்கள். குட்டை உளி என்று வைத்துக்கொள்வோம். அதன் வரலாறு தெரிந்தால், நம் கதவுகள் ஏன் தொங்குகின்றன, ஏன் இழுத்துப் பிடிக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமி, நிலையில் உள்ள குழியில் சுழலும். இங்கிலாந்தில் நீளமான இரும்புப் பட்டைக் கீலைக் கதவின் முகத்திலேயே வைத்து ஆணி அடித்தார்கள். லண்டனில் ஜோசப் மாக்ஸன் 1678 முதல் வெளியிட்ட கைத்தொழில் நூலில் பலவகை உளிகள் விளக்கப்பட்டுள்ளன. கீலுக்கென்று தனி உளி அப்போது தேவைப்படவில்லை.

1775இல் இங்கிலாந்தில் ஐசன், ஒயிட்ஹர்ஸ்ட் என்ற இருவர் வார்ப்பிரும்பு 'பட்' கீலுக்குக் காப்புரிமை பெற்றனர். கதவின் விளிம்பும் நிலையும் முட்டும் இடத்தில் மறைந்து உட்காரும் கீல் இது. கதவைச் சாத்தினால் நடுத்தண்டு மட்டுமே வெளியே தெரியும். 1846இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் கூர்முனைத் திருகாணிக்குக் காப்புரிமை பெற்றார். மொட்டை முனைத் திருகாணியைவிட அதை மரத்தில் ஏற்றுவது எளிது. இன்று நாம் கதவுகளில் பார்ப்பது இந்த ஜோடியைத்தான்.

ஆனால் புதுக் கீல் தச்சருக்கு ஒரு புது வேலையைக் கொண்டுவந்தது. கீலின் தகடு எவ்வளவு தடிமனோ, அவ்வளவு ஆழத்துக்கு மரத்தில் குழி எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். துளைச்சட்டம் குடையும் நீள உளிக்கு இங்கே வேலை இல்லை. நின்றுகொண்டோ குந்திக்கொண்டோ, நிலையின் ஓரத்தில், விரல்களால் அலகைப் பிடித்துச் சீவ வேண்டும். அதற்குக் கை, வெட்டும் முனைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. அதனால் அலகு மூன்று அங்குலம் அளவுக்குக் குறுகியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க கால அமெரிக்கக் கருவிப் பட்டியல்களில் இது தனி வகையாகவே இடம்பெற்றது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகவும் வசதி.

வேலை செய்யும் முறை இதுதான். கீலை மரத்தில் வைத்துச் சுற்றிலும் கத்தியால் கோடு கிழிக்க வேண்டும். கோட்டின் மேல் உளியை நேராக நிறுத்தி, கொட்டாப்புளியால் லேசாகத் தட்ட வேண்டும். உள்ளே வரிசையாகச் சிறு வெட்டுகள் போட்டு, பிறகு பக்கவாட்டில் இருந்து உளியைப் படுக்க வைத்துச் சீவினால் மரம் செதில் செதிலாக வந்துவிடும்.

குழி அதிக ஆழமானால் கதவு முழுதாகச் சாத்தாமல் எதிர்த்துத் தள்ளும். வலிந்து சாத்தச் சாத்த திருகாணிகள் தளரும். ஆழம் குறைந்தால் கீல் பக்கம் இடைவெளி தெரியும், பூட்டுப் பக்கம் கதவு நிலையில் இடிக்கும்.

20ஆம் நூற்றாண்டில் மின்சார ரூட்டர் வந்தது. ஒரே ஆழத்தில் வேகமாகக் குழி எடுக்கும். ஆனால் சுழலும் வெட்டுமுனை என்பதால் மூலையைச் சதுரமாக வெட்ட அதனால் முடியாது. அந்த மூலைகளை இன்றும் உளிதான் நேர் செய்கிறது. அந்த வேலையும் வேண்டாம் என்று வட்ட மூலைக் கீல்களையே செய்யத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் கீலுக்காக உளி மாறியது. பிறகு இயந்திரத்துக்காகக் கீலே மாறிவிட்டது.

அடுத்த முறை வீட்டில் கதவு மாற்றினால், பெயின்ட் அடிக்கும் முன் மேல் கீலை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். தகடும் மரமும் ஒரே மட்டமாக இருக்கிறதா? திருகாணி சுத்தியலால் அடிக்கப்படாமல் திருகப்பட்டிருக்கிறதா? இரண்டும் சரி என்றால் உங்கள் தச்சரைப் பாராட்டி, அவருடைய எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.