நீட், க்ளாட் வழக்குகள்: தனித்தனி மனுக்களை நீதிமன்றம் எப்போது ஒன்றாகச் சேர்க்கும்?

தேர்வு ஒன்றுதான். ஆனால் அதை எதிர்த்து பல மாநிலங்களில் வழக்கு. ஒரு உயர்நீதிமன்றம் 'ரேங்க் பட்டியலை மாற்று' என்கிறது, இன்னொன்று 'மாற்றத் தேவையில்லை' என்கிறது. அப்போ எந்தப் பட்டியலை வைத்து சீட் கொடுப்பது? இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் தொடர்புடைய வழக்குகள் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. கோர்ட் வழக்கில் இதை 'டேக் செய்வது' என்பார்கள்.

எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஒரே தேர்வு, ஒரே எதிர்மனுதாரர் என்பது மட்டும் போதாது. மனுக்களில் உள்ள சட்டக் கேள்வி ஒன்றா என்பதுதான் முக்கியம். ஒரு விடை எல்லா மனுக்களுக்கும் பொருந்தும் என்றால் அவை தொடர்புடையவை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 139ஏ பிரிவுப்படி, பொது முக்கியத்துவம் வாய்ந்த ஒரே சட்டக் கேள்வி பல உயர்நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்தால், உச்ச நீதிமன்றம் அவற்றைத் தன்னிடமே எடுத்துக்கொள்ளலாம். வழக்கில் உள்ள ஒரு தரப்போ, அட்டர்னி ஜெனரலோ இதைக் கோரலாம். நீதிமன்றம் தானாகவும் செய்யலாம். நீதியின் நலனுக்குத் தேவை என்றால், ஒரு உயர்நீதிமன்ற வழக்கை இன்னொரு உயர்நீதிமன்றத்துக்கும் மாற்றலாம்.

2024 நீட் தேர்வில் என்ன நடந்தது?

2024 மே 5-ல் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் தேர்வு எழுதினர். வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண் என பல புகார்கள் நீதிமன்றம் சென்றன. உயர்நீதிமன்ற வழக்குகளை மாற்றக் கோரி தேசிய தேர்வு முகமை உச்ச நீதிமன்றத்தை அணுக, ஜூன் 20-ல் அந்த விசாரணைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது.

பொதுவான கேள்வி இதுதான்: கசிவு தேர்வு முழுவதையும் பாதித்ததா, மறுதேர்வு தேவையா? ஜூலை 23-ல், அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று கூறி தேர்வை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்தது.

ஒரு இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளுக்கு மதிப்பெண் தந்த விவகாரமும் அங்கேயே முடிவானது. பார்க்க சின்ன விஷயம்தான். ஆனால் 4 லட்சத்துக்கும் அதிகமானோரின் மதிப்பெண் அதில் மாறும். ஐஐடி டெல்லி நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்றனர். முழு மதிப்பெண் பெற்றவர்களின் எண்ணிக்கை 61-லிருந்து 17 ஆனது.

அப்போ தனிப்பட்ட புகார்கள்?

அவை வேறு. 'என் ஓஎம்ஆர் தாள் கிழிந்துவிட்டது' என்ற புகாரின் முடிவு மற்ற மாணவர்களைப் பாதிக்காது. பொதுக் கேள்விகளில் அடங்காத தனிப்பட்ட குறைகளுக்கு உயர்நீதிமன்றங்களை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் அதே வழக்கில் தெளிவுபடுத்தியது.

எப்போதும் உச்ச நீதிமன்றமே விசாரிக்குமா?

இல்லை. சட்டப் படிப்புக்கான 2025 க்ளாட் தேர்வை எதிர்த்து பல உயர்நீதிமன்றங்களில் வழக்குகள் இருந்தன. 2025 பிப்ரவரி 6-ல் அவை அனைத்தையும் உச்ச நீதிமன்றம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு மாற்றியது.

மாணவர்களுக்கு இதனால் என்ன?

வழக்கு சேர்க்கப்பட்டால் ஊருக்கு ஒரு தீர்ப்பு என்ற நிலை வராது. ஆனால் நூறு மனுக்களுக்கு நடுவே ஒருவரின் தனிக் குறை கவனிக்கப்படாமல் போகவும் வாய்ப்புண்டு. அதனால் எது எல்லோருக்குமான கேள்வி, எது தனக்கு மட்டும் நேர்ந்த பாதிப்பு என்பதை மனுவிலேயே பிரித்துச் சொல்வது நல்லது.