முட்டாத வால்

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஒரு மீன் பின்பக்கமாக நீந்திக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த ஜிம்னார்கஸ். வால்தான் முன்னே போகிறது. ஆனால் எதிலும் முட்டவில்லை. கண்ணோ தலையில், அதுவும் மங்கலான கண். கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் ஹான்ஸ் லிஸ்மனை இது விடவில்லை.

அடித்துச் சாய்க்கும் மின்மீன்களை மனிதர் எப்போதோ அறிவர். நைல் நதியின் மின்கெளுத்தி எகிப்தியக் கல்லறைச் சிற்பங்களிலேயே இருக்கிறது. டார்வினுக்குத்தான் அவை தலைவலி. 1859இல் வெளியான நூலில் மின்னுறுப்பைத் தனிச் சிக்கலாகவே குறிப்பிட்டார். படிப்படியாக வளர்ந்த உறுப்பு என்றால், இரையைக்கூட அசைக்காத அரைகுறை மின்சாரத்தால் அந்த மீனுக்கு என்ன லாபம்?

இந்த மீனிடமும் மின்சாரம் இருக்குமோ என்று பார்க்க, லிஸ்மன் தொட்டிக்குள் இரண்டு மின்முனைகளை இறக்கினார். அலைவுகாட்டித் திரையில் துடிப்புகள் வரிசையாக ஓடின: நொடிக்குச் சுமார் 300, இரவும் பகலும் ஓயாமல். தசையிலிருந்து உருவான வாலுறுப்பின் வேலை அது. 1951இல் ‘நேச்சர்’ இதழில் செய்தி வந்தது.

துடிப்பது சரி, எதற்காக? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கென் மேச்சினுடன் சேர்ந்து நுண்துளைச் சாடிகளை எடுத்துக்கொண்டார். நம் மண்பானைபோல நீர் ஊறும் சாடிகள். ஊறிய சுவர் மின்சாரத்துக்குத் தடையாக நிற்காது. ஒன்றில் தொட்டி நீர் மட்டும், மற்றதில் நீரோடு ஒரு கண்ணாடிக் குச்சி. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரை காட்டிப் பழக்கிய மீன் வித்தியாசத்தைக் கண்டுகொண்டது. 2 மில்லிமீட்டர் குச்சியும் அதற்குத் தப்பவில்லை! 1958இல் இருவரும் விளக்கத்தை எழுதினார்கள்: மீனைச் சுற்றி எப்போதும் ஒரு மின்புலம் இருக்கிறது. கண்ணாடி அதை விலக்கும், உலோகம் இழுக்கும். அந்த மாற்றம் மீனின் தோலில் நிழல்போல விழும், தோலின் உணர்விகள் அதைப் படிக்கும்.

டார்வினின் சிக்கலுக்கும் இதில் ஒரு வழி கிடைத்தது. ஆயுதமாகும் முன்பே மின்சாரத்துக்கு ஒரு வேலை இருந்திருக்கலாம்.

மீன் முதுகை விறைப்பாக வைத்து, நீண்ட முதுகுத் துடுப்பை மட்டும் அலையாக அசைத்து நீந்துவதும் இந்த மின்புலத்துக்காகத்தான் என்றார் லிஸ்மன். உடல் வளைந்தால் புலமும் கோணும், நிழல் குழம்பும். அலையைத் திருப்பிவிட்டால் போதும், மீன் பின்னால் போகும்.

தொட்டி அருகே நின்று தலை சீவினாலும் அந்த மீன் திடுக்கிடுமாம். சீப்பில் தொற்றும் மின்னேற்றம் அதற்கு அவ்வளவு பெரிது.