இருட்டில் மின்னுவதற்கெல்லாம் ரேடியம் என்று பேர்

பைக்குக்கு நம்பர் எழுதப் போன இடத்தில் கடைக்காரர் கேட்டார்: “பின்னாடி ரேடியம் ஒட்டிரலாமா தம்பி?” அவர் கையில் இருந்தது பிரதிபலிப்பு ஸ்டிக்கர். வேறொரு வண்டியின் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது. ஆனாலும் இருட்டில் மின்னினால் நம்மூரில் ரேடியம்தான். இந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், 1917ஆம் வருஷத்து நியூ ஜெர்சியில் வந்து நின்றேன்.

அங்கே ஆரஞ்சு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. கடிகார முகப்பில் எண்கள் தீட்டும் வேலையில் இளம்பெண்கள். பெயிண்டில் துத்தநாக சல்பைடும் சிறிது ரேடியமும் இருக்கும். ரேடியத்தின் ஆல்ஃபா துகள்கள் சல்பைடு படிகத்தில் மோதும்போது பச்சை ஒளி பிறக்கும். பொடி எண்களுக்குத் தூரிகை நுனி கூராக இருக்கணுமே, உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். ஒன்னும் ஆகாது என்றார்கள். விளையாட்டாக நகத்தில் பூசிக்கொண்டவர்களும் உண்டு.

உடம்பு ரேடியத்தைக் கால்சியம் போலவே எலும்பில் சேர்த்துவைத்தது. பற்கள் விழுந்தன, தாடை அரித்தது. 1927இல் கிரேஸ் ஃப்ரையர் வழக்குத் தொடுத்தார். இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மறுவருஷம் சமரசம்: ஆளுக்கு 10,000 டாலர், வருஷத்துக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. 1933இல் கிரேஸ் இறந்துபோனார்.

உடம்பில் ரேடியம் எவ்வளவு தங்கலாம் என்று அமெரிக்கா 1941இல் ஒரு வரம்பு வகுத்தது. ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. அந்த எண் கிடைத்தது இந்தப் பெண்களின் உடம்புகளை அளந்துதான்.

1960களில் கடிகாரங்களுக்கு டிரிட்டியம் வந்தது. ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம் அது. வெளிவிடுவது பீட்டா, அதாவது எலக்ட்ரான். நம் தோலின் மேலடுக்கைக்கூடத் தாண்டாத அளவுக்குப் பலவீனம். உள்ளே போனால்தான் ஆபத்து. அதனால் பிற்பாடு வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயின் உட்சுவரில் ஒளிரும் பொருளைப் பூசினார்கள். கரண்ட் போனாலும் எரியும் ‘வெளியேறும் வழி’ பலகைகள் சிலவற்றில் இருப்பது இதுதான்.

என்னை உறுத்துவது காலக்கணக்கு. டிரிட்டியம் சுமார் 12 வருஷத்தில் பாதியாகும். வெளிச்சம் மங்க மங்கக் கதிரும் குறையும். ரேடியம் பாதியாக 1,600 வருஷம். ஆனால் சல்பைடு படிகம் சில வருஷத்திலேயே சிதைந்துவிடும். அந்தக் காலத்துக் கடிகாரம் இன்று இருட்டாக இருக்கலாம். உள்ளே நஞ்சு அப்படியே இருக்கும். மின்னாததால் ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “ஒட்டுங்கண்ணே” என்றேன்.