கண்ணாடி உருண்டையும் காகிதப் பெட்டியும்

கிறிஸ்துமஸ் மரத்தின் பழைய சரித்திரத்தில் அலங்காரங்களைப் பத்திரப்படுத்தும் பேச்சே எழவில்லை. பண்டிகை முடிந்தபின் பத்திரப்படுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாததே அதற்குக் காரணம். 1605-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து இல்லங்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரு குறிப்பு, கூடத்தில் நிறுத்திய மரங்களில் பலநிறக் காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் மெல்லிய மாவு அப்பங்களும் பொன்தகடும் மிட்டாய்களும் தொங்கின என்று சொல்கிறது. காகிதமும் தகடும் நீங்கலாக மற்றவை யாவும் தின்பண்டங்களே. ஸ்வீடனில் ஜனவரி 13-ஆம் நாளாகிய புனித க்நூட் தினத்தன்று குழந்தைகள் மரத்தைச் சூழ்ந்து அதிலுள்ள பண்டங்களைப் பறித்துண்டு, வெறுமையான மரத்தை வெளியே தள்ளுவதையே ஓர் உற்சவமாகக் கொண்டாடினார்கள். இங்கிலாந்திலோ வீட்டை அலங்கரித்த ஹாலி, ஐவி முதலிய பச்சிலைகளை, பிப்ரவரி 2-ஆம் நாளுக்குமேல் உள்ளே வைத்திருப்பது அமங்கலம் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கி முற்றாக முடிந்துபோகும் பண்டிகையாகவே அது நெடுங்காலம் இருந்தது.

இந்த நிலையை மாற்றியது கண்ணாடி. ஜெர்மனியின் துரிங்கியா மலைக்காட்டில், விறகும் மணலும் குறைவின்றிக் கிடைத்த ஒரு பள்ளத்தாக்கில், 1597-ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோப் முல்லர் என்ற இருவர் கண்ணாடி உலை அமைத்ததிலிருந்து லௌஷா என்னும் சிற்றூரின் வரலாறு தொடங்குகிறது. குவளைகளும் பின்னர் மணிகளும் செய்து பிழைத்த அவ்வூரில், மரத்தில் தொங்கவிட ஆப்பிள் வாங்கவும் வசதியற்ற ஓர் ஏழைத் தொழிலாளி கண்ணாடியிலேயே கனிகளை ஊதிச் செய்தான் என்று கர்ணபரம்பரைக் கதை ஒன்று வழங்குகிறது. வறட்சியினால் ஆப்பிள் விளையாத ஆண்டில் இவ்வாறு செய்ததாக லொரேன் பிரதேசத்து மைஸந்தால் ஊராரும் தங்கள் பங்குக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கதைகளின் உண்மை எதுவாயினும், லௌஷாவின் கணக்கேடு ஒன்றில் 1848-ஆம் ஆண்டில் மர அலங்காரத்துக்கான கண்ணாடி உருண்டைகளுக்கு வந்த ஆர்டர் பதிவாகியிருக்கிறது. உண்ணவும் முடியாத, வாடவும் செய்யாத கனி அன்று பிறந்தது.

அத்தொழில் நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். வீடே பட்டறை. 1867-ல் ஊருக்கு எரிவாயு வந்து, சீரான வெப்பமுள்ள சுடர் கிடைத்தபின், பெரிதும் மெலிதுமான உருண்டைகளை ஊதுவது சாத்தியமாயிற்று. குடும்பத் தலைவன் சுடரருகே அமர்ந்து குழாயை உருட்டி ஊத, மனைவி அதன் உட்புறத்தில் வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்கி, யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்னும் ரசாயன சாஸ்திரி வகுத்த முறைப்படி கண்ணாடியின் உள்ளே ஒளி ஏற்றுவாள். வர்ணத்தில் தோய்த்த உருண்டைகள், நீண்ட காம்புகளோடு, ஆணிகள் வரிசையாக அடித்த பலகையில் தலைகீழாகச் செருகப்பட்டு அடுப்பின் வெப்பத்தில் காயும். காய்ந்தபின் காம்பை நறுக்கி, உலோக மூடி பொருத்தி, அட்டைப் பெட்டியில் டஜன் டஜனாக அடுக்குவது சிறுவர் சிறுமியர் வேலை. பெண்கள் அப்பெட்டிகளை முதுகுக் கூடையில் ஆளுயரத்துக்கு அடுக்கிச் சுமந்து, மலைப்பாதை வழியாக ஸொன்னபெர்க் நகரத்து மொத்த வியாபாரிகளிடம் சேர்ப்பித்தார்கள். உலகமெங்கும் கொண்டாட்டத்துக்கு ஒளி தந்த அந்த உழைப்பின் கூலி மிக அற்பமானது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அச்சிறுவர்கள் அடுக்கிய பெட்டிதான் என் அபிப்பிராயத்தில் இந்தச் சரித்திரத்தின் நடுநாயகம். கடல் கடந்து போகவேண்டிய சரக்குக்காக ஏற்பட்ட அந்தப் பெட்டியை, வாங்கிய குடும்பம் வீசி எறியவில்லை. நம் இல்லங்களில் விஜயதசமி கழிந்ததும் கொலு பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றி மரப்பெட்டியிலிட்டுப் பரணேற்றுவது போலவே, ஜெர்மானிய இல்லத்தரசி ஜனவரி 6-ஆம் நாள் கழிந்ததும் உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, வந்த பெட்டியிலேயே பஞ்சுக்கிடையில் வைத்துக் கூரையடி அறைக்கு அனுப்பினாள். லாமெட்டா என்னும் உலோக இழைகளைக்கூட, அடுத்த ஆண்டுக்காக, இழையிழையாகப் பிரித்து நீவிச் சுருக்கம் போக்கிவைத்த சிக்கனமான குடும்பங்கள் உண்டு. அனுபவம் சில நுட்பங்களையும் கற்பித்தது: மெல்லிய கண்ணாடிக்குக் கனத்த கண்ணாடியே சத்துரு ஆதலால் பெரியவை அடியிலும் சிறியவை மேலும் இருக்கவேண்டும், கம்பிக் கொக்கி அடுத்த உருண்டையைக் கீறும் ஆதலால் அதைக் கழற்றிவிடவேண்டும், ஈரம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் ஆதலால் நிலவறை கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் பழைய வர்ணம் உரிந்துவிடும் ஆதலால் மெல்லிய தூரிகையே போதும். டிசம்பரில் மரத்தின்முன் நிற்பவரின் சிரமம் குறைவதும் கூடுவதும் ஜனவரியில் பெட்டியின்முன் உட்கார்ந்தவரின் பொறுமையைப் பொறுத்தது என்பதை அப்பெண்மணிகள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் எஃப். டபிள்யூ. உல்வொர்த் 1880-ல் தம் லங்காஸ்டர் நகரக் கடைக்காக, விற்குமோ விற்காதோ என்ற சந்தேகத்தோடு, 25 டாலர் பெறுமான உருண்டைகளை வாங்கினார். அவை இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்ததாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். அதன்பின் நேர்ந்த வியாபார விருத்தியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1939-ல் யுத்தம் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றபோது, மின்விளக்குக் குமிழ்களுக்காக ஏற்பட்ட கார்னிங் நிறுவனத்தின் இயந்திரமே உருண்டைகளையும் ஊதத் தொடங்கி, 1940-க்குள் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் வரை உற்பத்தி செய்தது. மாக்ஸ் எக்கார்ட் என்பவர் அவற்றுக்கு வர்ணமிட்டு ‘ஷைனி பிரைட்’ என்ற பெயரில் விற்றார். யுத்தத்தில் உலோகம் அருகியபோது வெள்ளிப்பூச்சு மறைந்து, உலோக மூடிக்குப் பதில் அட்டை மூடி வந்தது. உறுதியான உலோகத்தை இழந்து அட்டைத் தலையோடு வந்த அந்த உருண்டைகள்கூடப் பல வீடுகளில் இன்றுவரை உடையாமல் இருக்கின்றன என்றால், ஒவ்வோர் ஆண்டும் அவற்றைச் சுற்றிவைத்த கைகளுக்கே அந்தப் பெருமை சேரும்.

கண்ணாடியை இங்ஙனம் காப்பது காப்பவரின் திறமை. காப்பதற்கென்றே வடிவு கொண்ட அலங்காரமும் ஒன்று உண்டு. மொரேவியச் சபையினரின் விடுதிப் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிதப் பாடத்தை ஒட்டிப் பிறந்த காகித நட்சத்திரத்தை, ஸாக்ஸனி நாட்டு ஹெர்ன்ஹூட் ஊரினரான பீட்டர் வெர்பேக் விற்பனைக்கு ஏற்றவாறு சீர்திருத்தினார். நடுவே கூடு ஏதுமின்றி, கூம்புகள் தாமே ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பு 1925-ல் காப்புரிமை பெற்றது. நாற்கோண அடியுள்ளவை 17, முக்கோண அடியுள்ளவை 8 ஆக 25 கூம்புகள். விளக்கு நுழைவதற்கும் தொங்கவிடுவதற்கும் ஒரு முகம் திறந்திருக்கும். திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று குடும்பத்தார் கூடியிருந்து அதைப் பூட்டுவதும், பண்டிகை கழிந்தபின் கழற்றிக் கூம்புக்குள் கூம்பாகச் செருகி வைப்பதும் அவ்வூரில் வழக்கமாயின. இப்போதும் அந்தக் காகித நட்சத்திரத்தை வாங்குபவருக்குப் பூட்டாத கூம்புகளைப் பெட்டியில் அடுக்கித்தான் தருகிறார்கள்.