தலைத்தோல் காளாஞ்சகப்படை: மருத்துவ வரலாறு

தலைத்தோல் காளாஞ்சகப்படை என்பது தலைமுடிக்கு அடியிலுள்ள தோலில் சிவந்த தடிப்புகளும் அவற்றின் மேல் வெள்ளி நிறச் செதில்களும் தோன்றும் நாட்பட்ட நோயாகும். அலோபதி மருத்துவத்தில் இதற்குச் சொரியாசிஸ் என்று பெயர். காளாஞ்சகப்படை என்பது சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயர். உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் எப்போதாவது தலையும் பாதிக்கப்படுகிறது.

இது தொற்றுநோய் அன்று. சீப்பு, துண்டு, தலையணை, நீர், காற்று ஆகிய எதன் வழியாகவும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. ஆயினும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் இந்நோயர் தொற்றுநோயராகவே நடத்தப்பட்டனர். எனவே இதன் வரலாறு மருந்துகளின் வரலாறாக மட்டுமன்றி, ஒரு தவறான பெயர் செய்த தீங்கின் வரலாறாகவும் உள்ளது.

நோயின் இயல்பு

தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல், மேலே வந்து உதிர்வதற்குச் சாதாரணமாக ஒரு மாத அளவு காலம் எடுத்துக்கொள்ளும். காளாஞ்சகப்படையில் இப்பயணம் 3 அல்லது 4 நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் உதிர வழியின்றி அடுக்கடுக்காகச் சேர்ந்து செதிலாகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்படுவதே இதற்குக் காரணம். பரம்பரைக் கூறும் உண்டு. மன அழுத்தம், தொண்டைத் தொற்று, குளிர், சில மருந்துகள் ஆகியவை நோயைக் கிளப்பக்கூடும்.

பலர் இதைப் பொடுகு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துகின்றனர். பொடுகு எண்ணெய்ப் பசையுடன் சற்று மஞ்சளாக இருக்கும். பெரும்பாலும் முடி உள்ள பகுதிக்குள் அடங்கும். காளாஞ்சகப்படையின் செதில் தடித்து, உலர்ந்து, வெண்மையாக இருக்கும். அது முடி எல்லையைத் தாண்டி நெற்றி, பிடரி, காதுகளின் பின்புறம் வரை வரும். செதிலைப் பெயர்த்தால் அடியில் சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. இக்குறி வியன்னா மருத்துவர் ஐன்ரிக் ஆசுபிட்சு பெயரால் வழங்குகிறது.

பெயரால் வந்த பழி

கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசு, உலர்ந்து செதிலுதிரும் தோல் நோய்களை எல்லாம் 'லோபோய்' என்னும் ஒரே சொல்லில் அடக்கினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் 'சொரியாசிஸ்' என்ற சொல்லை ஆண்டார். அரிப்பைக் குறிக்கும் 'சோரா' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர். ஆனால் கேலன் அச்சொல்லால் குறித்தது இன்றைய காளாஞ்சகப்படையை அன்று, வேறொரு அரிப்பு நோயை என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து.

பெருங்குழப்பம் 'லெப்ரா' என்ற சொல்லால் வந்தது. கிரேக்க மொழியில் செதிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இது, முதலில் செதில் படியும் நோய் என்றே பொருள்பட்டது. விவிலியத்தின் எபிரேயப் பகுதியில் தீட்டாகக் கருதப்பட்ட தோல் நிலையைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதே சொல்லை இட்டனர். பின்னாளில் தொழுநோய்க்கும் அதுவே பெயராயிற்று. இவ்வாறு மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன.

இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயர் என்று முடிவு செய்யப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டனர். சில இடங்களில் உயிரோடிருப்பவருக்கே இறுதிச் சடங்கு போன்ற வழிபாடு நடத்தி அனுப்பினர். ஆள் வருவதை அறிவிக்க மணியோ மரக்கிலுகிலுப்பையோ ஏந்தி நடக்க வேண்டியிருந்தது. அவ்வாறு விலக்கப்பட்டவர்களில் காளாஞ்சகப்படை உள்ளவர்களும் இருந்தனர் என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். நெற்றியிலும் தலையிலும் தடிப்பு உள்ளவரால் அதை ஆடையால் மறைக்கவும் இயலாது.

இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லான், 1808இல் நிறைவுற்ற தம் நூலில் தோல் நோய்களைத் தோற்றத்தின் அடிப்படையில் வகைப்படுத்தினார். இந்நோயைத் தெளிவாக வருணித்த அவராலும் 'லெப்ரா' என்ற சொல்லைக் கைவிட முடியவில்லை. 1841இல் வியன்னாவின் பெர்டினாண்ட் வான் ஏப்ரா அச்சொல்லை நீக்கி, காளாஞ்சகப்படை தனி நோய் என்று நிறுவினார். 1873இல் நார்வே மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னர் இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது ஐயமற விளங்கிற்று.

ஆர்செனிக், கீல், கோவாத் தூள்

பெயர் தெளிவான பின்னும் மருந்து எளிதில் கிட்டவில்லை. 1786இல் தாமசு பவுலர் வெளியிட்ட ஆர்செனிக் கரைசல், 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்நோய்க்கு உள்மருந்தாகக் கொடுக்கப்பட்டது. தடிப்புகள் குறைந்தது உண்மை. ஆனால் நீண்ட நாள் உண்டவர்களுக்கு உள்ளங்கை தடித்து, சிலருக்குத் தோல் புற்றுநோயும் வந்தது.

அடுத்த மருந்துக்கு இந்தியத் தொடர்பு உண்டு. பிரேசில் நாட்டு அரரோபா மரத்தின் உள்ளிருந்து எடுக்கப்படும் தூளைப் போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்தனர். இங்கே அது படர்தாமரைக்கு மருந்தாகி, 'கோவாத் தூள்' என்று பெயர் பெற்றது. இலண்டனில் ஒருவர் தமக்கு வந்தது படர்தாமரை என்று எண்ணி அதைப் பூச, காளாஞ்சகப்படை குறைந்தது. 1876இல் பால்மேனோ சுகுவயர் இதை எழுதி வெளியிட்டார். முதல் உலகப் போரில் இத்தூள் கிடைக்காமற்போகவே, 1916இல் செருமனியில் டித்ரனால் என்ற செயற்கை மாற்று உருவானது. இரண்டுமே தோலிலும் துணியிலும் கறை ஏற்றுபவை. கண்ணில் பட்டால் ஊறு விளையும். எனவே தலைக்கு இவற்றைப் பூசுவது பெரும் தொல்லையாக இருந்தது.

தலைக்கு நெடுங்காலம் உதவியது நிலக்கரிக் கீல். அதன் வாடை கடுமையானது. ஆனால் செல் பெருக்கத்தைத் தணிக்கும். கீலுடன் செதிலை இளக்கும் சாலிசிலிக் அமிலத்தையும் கந்தகத்தையும் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் செய்த களிம்பு, பிரிட்டனில் தலைத்தோலுக்கென்றே விற்கப்பட்டது.

ஒளி மருத்துவமும் தலைமுடியும்

1925இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கோக்கர்மேன், கீல் பூசிப் புற ஊதா ஒளி காட்டும் முறையை வகுத்தார். 1974இல் சோரலென் மருந்தும் நீண்ட அலைப் புற ஊதா ஒளியும் சேர்ந்த 'பூவா' முறை வந்தது. சோரலென் தரும் கார்போகரிசி, இந்திய மருத்துவத்தில் வெண்படைக்குப் பழங்காலம் தொட்டுப் பயன்பட்ட விதையாகும். உடலில் நன்கு வேலை செய்த இம்முறைகள் தலையில் தோற்றன. முடி நிழல் விழுந்து, ஒளி தோலை எட்டாததே காரணம். ஒளி உமிழும் சீப்பு போன்ற கருவிகள் இக்குறையை ஓரளவே போக்கின.

தற்செயலாகக் கிடைத்த மருந்துகள்

1952இல் ஐட்ரோகார்ட்டிசோன் தோல்மேல் பூசும் மருந்தாயிற்று. அதைவிட வீரியமுள்ள ஸ்டீராய்டுகள் பின்னர் வந்தன. தலைக்கு ஏற்ற நீர்ம வடிவில் கிடைத்ததால் இவை முதன்மை மருந்துகளாயின. அளவு மீறினால் தோல் மெலியும். திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் சீறி எழும்.

பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். இரத்தப் புற்றுநோயை எதிர்க்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகள் அங்கே உருவாயின. 1951இல் கப்னர் குழுவினர் மூட்டழற்சி நோயருக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது, அவர்களிடம் இருந்த காளாஞ்சகப்படையும் மறையக் கண்டனர். சுப்பாராவ் 1948இலேயே மறைந்துவிட்டதால் இப்பயனை அறியவில்லை. மெத்தோட்ரெக்சேட் இன்றும் கடுமையான நோய்க்கு முக்கிய மருந்து. இதை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து.

1979இல் சைக்ளோசுபோரினும் இதே போன்று எதிர்பாராமல் பயன் தந்தது. நோயின் வேர் எதிர்ப்பு மண்டலத்தில் உள்ளது என்பதற்கு அது சான்றாயிற்று. 1985இல் சப்பானில் எலும்பு நலிவுக்கு வைட்டமின் டி வகை மருந்து உண்ட ஒருவரின் தோல் தெளிந்தது. இதன் தொடர்ச்சியாக வந்த கால்சிபோட்ரியால், ஸ்டீராய்டுடன் சேர்ந்த கூழ்மமாகத் தலைக்குப் பயன்படுகிறது. 2003 முதல் உயிரியல் மருந்துகள் வரத் தொடங்கின. பெங்களூரின் பயோகான் நிறுவனம் கியூபா ஆய்வகத்துடன் இணைந்து உருவாக்கிய இட்டோலிசுமாப் 2013இல் இந்தியாவில் வெளியானது.

தமிழ்நாட்டில்

வெட்பாலை இலைகளைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலம் கலந்த ஊதா நிறமாகும். இந்த வெட்பாலைத் தைலத்தைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கும் பொடுகுக்கும் தருகின்றனர். எண்ணெய் எதுவாயினும் செதிலை இளக்கும் பயன் உண்டு. உட்பொருள் எழுதப்படாத, 'அடியோடு குணம்' என்று விளம்பரப்படுத்தப்படும் தைலங்களைத் தவிர்ப்பது நலம்.

நோயுடன் வாழ்தல்

இரவில் எண்ணெய் தடவிச் செதிலை ஊறவிட்டு, மறுநாள் மெதுவாகச் சீவி, மருந்துச் சாம்பூவைச் சில நிமிடங்கள் தலையில் நிறுத்திக் கழுவுவது வழக்கமான முறை. பூசும் மருந்து முடியின் மேல் அன்று, வகிடு பிரித்துத் தோலின் மேல் படவேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது. காயம் பட்ட இடத்தில் புதிய தடிப்பு எழும் என்பதை 1872இலேயே கோப்னர் எடுத்துக்காட்டினார். உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். மூட்டு வலியோ நகத்தில் குழிகளோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காளாஞ்சகப்படை மூட்டழற்சி கவனிக்கப்படாவிட்டால் மூட்டு நிலையாகச் சிதையும்.

மருந்தால் தீராத பகுதியும் உண்டு. கருநிறச் சட்டை அணியத் தயங்குவோர், முடிதிருத்தகத்தில் 'இது ஒட்டுமா?' என்ற கேள்விக்கு அஞ்சி வீட்டிலேயே முடி வெட்டிக்கொள்வோர், மணப்பேச்சின்போது நோயை மறைப்போர் இன்றும் உள்ளனர். அமெரிக்க எழுத்தாளர் சான் அப்டைக் தம் தோலுடன் நடத்திய போராட்டத்தை 1989இல் வெளிவந்த தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதினார்.

2014இல் உலக சுகாதாரப் பேரவை, இந்நோயைத் தொற்றாத, நாட்பட்ட, துன்பம் தரும் நோய் என்று ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நோயரை ஒதுக்கும் போக்கைக் களையுமாறு உறுப்பு நாடுகளை அது கேட்டுக்கொண்டது. ஏப்ரா தொழுநோயிலிருந்து காளாஞ்சகப்படையைப் பிரித்து அப்போது 173 ஆண்டுகள் ஆகியிருந்தன. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் முறையான சிகிச்சையால் பெரும்பாலோர் அதைக் கட்டுக்குள் வைத்து இயல்பாக வாழ முடியும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 உலகக் காளாஞ்சகப்படை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.