இடர்காலத்துக்கான இல்லம்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் சேமிப்பும் சிக்கனமும் பற்றிய சில குறிப்புகள்

பொருளாதார வரலாறு எழுத முற்படுவோர் பெரும்பாலும் ஏற்றுமதி, இறக்குமதி, வரி, நிலவுடைமை, கூலி ஆகியவற்றிலிருந்தே தொடங்குவர். அவை தவிர்க்கவியலாதவை. ஆயினும், உலையிலே அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இடும் ஒரு பெண்ணின் செயலும் பொருளாதார வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியே என்பதை நமது ஆய்வாளர்கள் போதியளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. மழை பிழைத்தால், மணியோடர் பிந்தினால், உழைப்பவன் காய்ச்சலிற் படுத்தால், கப்பல் வராவிட்டால் வீட்டை எவ்வாறு நடத்துவது என்ற வினா யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒவ்வோர் அடுக்களையிலும் தலைமுறை தலைமுறையாக எழுந்துள்ளது. அவ்வினாவுக்குக் கைப்பொருள் குறைந்த குடும்பங்கள் கண்ட விடைகளையும், அவ்விடைகளின் சுமையை யார் தாங்கினர் என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

இவ்விடத்தில் ஒரு தப்பெண்ணத்தை முதலில் அகற்றிவிடல் நன்று. சிக்கனம் யாழ்ப்பாணத்தவரின் பிறவிக்குணம் என்று அவர்களே பெருமையாகக் கூறிக்கொள்வதுண்டு. அதே குணத்தைச் சுட்டி ‘பனங்கொட்டை சூப்பி’ என்று பிறர் ஏளனஞ் செய்வதுமுண்டு. பெருமையும் ஏளனமும் ஒரே தவற்றைச் செய்கின்றன. இரண்டுமே ஒரு சமூகத்தின் வாழ்நிலைமைகளால் உருவான வழக்கத்தை அதன் இரத்தத்தில் ஊறிய குணமாகக் காட்டுகின்றன.

குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்த நிலம். வற்றாத ஆறு அதற்கில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை தரும் மழையே வயலுக்கும் கிணற்றுக்கும் ஆதாரம். நெல் ஆண்டுக்கு ஒருபோகமே விளைந்தது. அந்த விளைச்சலும் முழு ஆண்டுக்கும் போதாது. குறையை நிரப்பப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பர்மா அரிசி வந்தது. ஆகவே குடாநாட்டு வீடு வானத்தையும் கப்பலையும் ஒருங்கே நம்பியிருந்தது எனலாம். இரண்டும் பொய்த்த காலத்தில் எஞ்சி நின்றது பனை.

பனையின் பயன்களைப் பட்டியலிடுவது நமது மேடைகளில் ஒரு சடங்காகிவிட்டது. அப்பட்டியலைத் திரும்பக் கூறுவதிற் பயனில்லை. இங்கு நாம் கவனிக்கவேண்டியது அதன் காலஒழுங்கு. ஆவணி, புரட்டாதியில் பழம் விழுகிறது. களியைப் பிழிந்து பாயிற் பரப்பி, ஒருபடை காய்ந்தபின் அடுத்த படை ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு எடுக்கின்றனர். பிழிந்த விதை மழைக்கு முன் பாத்தியில் அடுக்கப்படுகின்றது. மழைநீர் செலவின்றி அதனை முளைக்கச் செய்கின்றது. மார்கழி, தையிற் கிழங்கு கிண்டுகின்றனர். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். தை பிறந்தபின் சீவல் தொடங்கிப் பதநீர் காய்ச்சப்பட்டுப் பனங்கட்டியாகக் குட்டான்களில் அடைபடுகின்றது. இவ்வாறு, ஒன்று முடியுமிடத்தில் மற்றொன்று தொடங்குமாறு அமைந்த இச்சுழற்சியில் விளையும் பொருள் யாவும் ஈரம் நீக்கப்பட்டவை. எனவே மாதக்கணக்கிற் கெடாதவை. பரணிலே தூக்கிய கடகத்தில் நன்கு காய்ந்த ஒடியல் ஓராண்டு இருக்கும். நெல் உள்ளவன் கொம்பறையிலும் கோர்க்காலியிலும் நெல்லை வைத்தான். நெல்லில்லாதவன் பரணில் ஒடியலை வைத்தான்.

ஒடியல்மா கசக்கும். ஊறவைத்துக் கசப்பை நீக்கிய பின்பே அது பிட்டாகவோ கூழாகவோ ஆகும். கூழ் பற்றி ஒரு வார்த்தை கூறலாம். மாவோடு கிடைத்த மீன், நண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையிற் சேர்கின்றன; நீரைக் கூட்டினால் ஆட்கள் கூடினாலும் போதும். ஒரு கறிக்குக் காணாத மீன் பத்துப் பேருக்குச் சுவை தருகின்றது. பற்றாக்குறையின் கணிதம் அது. இன்று விருந்தகங்களில் யாழ்ப்பாணத்தின் அரும்பெருஞ் சுவையாக அது விலை குறித்து விற்கப்படுவதைக் காணும் முதியோருக்குச் சிரிப்பு வருவதில் வியப்பில்லை.

மோர்மிளகாய், வடகம், வற்றல், கருவாடு ஆகியவையும் இவ்வரிசைக்குரியன. கறி இல்லாத நாளுக்கு அவை கறி. எண்ணெய் இல்லாத நாளில் சுட்டும் தின்னலாம்.

ஆனால், இந்தச் சேமிப்பு எல்லோருக்கும் ஒரேவிதமாக வாய்த்ததா? இங்குதான் ‘யாழ்ப்பாணத்துச் சிக்கனம்’ என்ற பொதுச்சொல் உடைகின்றது. ஒடியலுக்குப் பனை வேண்டும். பனைக்கு வளவு வேண்டும். நிலவுடைமை வேளாள மேலாதிக்கத்தின் கீழ் இருந்த சமூகத்தில், மரத்தில் ஏறத் தெரிந்தவனுக்கு மரம் சொந்தமாயிருக்கவில்லை. சீவல் தொழிலாளி பனையைப் பற்றி அறிந்த அளவு வேறெவரும் அறியார். எனினும் அவனது குடிசையில் எவ்வளவு ஒடியல் இருக்கும் என்பதை வளவுக்காரனின் தயவே தீர்மானித்தது. தண்ணீரின் நிலை இதனினுங் கொடியது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பல கிராமங்களில் நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளும் உரிமையற்றவராய், யாராவது வந்து ஊற்றும்வரை குடத்துடன் காத்திருந்தனர். கோடையிற் கிணறு வற்றும்போது அவர்களுக்கு ஏற்பட்ட அவசரநிலை மழையால் மட்டும் தோன்றியதன்று. வீட்டின் இடர்காப்பு என்பது சொத்துரிமையின் மறுபக்கமாகும் என்பதற்கு இதனிலுஞ் சான்று தேவையில்லை.

இரண்டாவது வேறுபாடு வீட்டுக்குள்ளேயே உண்டு. பனாட்டு ஊற்றுவதும், ஒடியல் இடிப்பதும், மோர்மிளகாய் வெயிலுக்கு வைத்து மழைக்கு எடுப்பதும், இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடித் தீப்பெட்டியை மிச்சம் பிடிப்பதும் பெண்களின் வேலையாயின. பணம் செலவாகவில்லை என்று வீட்டார் மகிழ்ந்தபோது செலவானது உழைப்பு. அது எக்கணக்கிலும் எழுதப்படவில்லை. உணவு குறைந்த நாட்களிற் கடைசியாக உண்பவளும் அவளே.

பணவடிவிலான காப்புக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலங் கற்ற இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராய்ச் சென்றபின், குடாநாட்டின் பல குடும்பங்கள் மாதந்தோறும் வரும் மணியோடரில் தங்கின. அம்மணியோடர் பிந்தும் மாதத்துக்கு நகையே காப்பு. கழுத்திலும் காதிலும் கிடந்த பொன் அழகுக்காக மட்டும் அணியப்பட்டதன்று. அது உடனே காசாகக்கூடிய வங்கி. தேசவழமைச் சட்டம் சீதனத்தை மனைவியின் தனிச்சொத்தாக ஏற்றுக்கொண்டது. எனினும் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் அவளுக்கு வேண்டியிருந்தது. அடகுக்கடைக்கு அவளது தாலிக்கொடி செல்லவேண்டியபோது அவளது சம்மதம் எவ்வளவு சுதந்திரமாகக் கேட்கப்பட்டது என்பது சட்டப் புத்தகங்களில் இல்லை. நகை போதாதபோது காணி ஒற்றிக்கு வைக்கப்பட்டது. வட்டிக்குப் பதிலாக விளைச்சலைக் கடன் கொடுத்தவன் எடுத்தான். ஆகவே, ஒரு நோய்க்காக வாங்கிய கடன் அடுத்த ஆண்டின் உணவையும் கொண்டுபோயிற்று. இடரைத் தாங்கும் வழியே மற்றோர் இடருக்கு வித்திடும் இந்நிலை ஏழைக்குடும்பங்களின் வரலாற்றில் அடிக்கடி காணப்படுகின்றது.

இதற்கு மாற்றாகத் தோன்றியவை இரண்டு. ஒன்று, அயலவர் பெண்கள் தம்முட் பிடித்த சீட்டு. மற்றையது கூட்டுறவு. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டத்தின் பின் இலங்கையில் ஐக்கிய நாணய சங்கங்கள் பரவின; வட்டிக்காரனிடமிருந்து சிறு விவசாயியை ஓரளவு விடுவித்தன. வடக்கில் இவ்வியக்கம் கடனோடு நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1930களில் மூளாயில் உருவான கூட்டுறவு மருத்துவமனை, நோய் என்னும் இடரைத் தனிவீடு தாங்காது ஊர் சேர்ந்து தாங்கலாம் என்பதைச் செயலிற் காட்டிற்று. இதன் முக்கியத்துவம் நமது வரலாற்று நூல்களில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

இரண்டாம் உலக மகாயுத்தம் வீட்டின் சேமிப்பை அரசின் விவகாரமாக்கியது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, இலங்கைக்கு அரிசி வந்த வழி அடைபட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பும் 9ஆந் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. பங்கீட்டு அட்டை வந்தது. ‘கூப்பன் அரிசி’, ‘சங்கக்கடை’ என்னுஞ் சொற்கள் வழக்கிற் புகுந்தன. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. வந்த மாவை அவித்தும் வறுத்தும் பிட்டாகவும் இடியப்பமாகவும் ஆக்கி, அதனை நம் உணவாக மாற்றியவர்கள் அடுக்களைப் பெண்கள். போர் முடிந்தது, மா போகவில்லை.

பங்கீட்டு அரிசி மக்களின் உரிமையாக வேரூன்றிவிட்டதை 1953ஆம் ஆண்டு காட்டிற்று. கொத்து 25 சதமாயிருந்த அரிசி 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எழுபதுகளின் முற்பகுதியில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியபோது பாணுக்கு நீண்ட வரிசைகளும் மரவள்ளிக்கிழங்கும் நாட்டின் பொது அனுபவமாயின. அதே ஆண்டுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதித் தடையாற் குடாநாட்டுத் தோட்டக்காரர் செழித்தனர் என்பதையும், தோட்டத்திற் கூலிக்கு நின்றவருக்கு அச்செழிப்பின் பங்கு சிறிதே கிடைத்தது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு இறக்குமதி திரும்பியது. 1979 செப்டெம்பரிற் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. ரூபாவில் எழுதப்பட்ட முத்திரையின் பெறுமதியை விலைவாசி தின்றது. கொத்தில் அளந்த உரிமைக்கும் ரூபாவில் அளந்த உதவிக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டுப் பெண்கள் பொருளியலாளருக்கு முன்பே அறிந்துகொண்டனர்.

இவையனைத்தையும் சிறியனவாக்கிய காலம் 1990 யூனுக்குப் பின் வந்தது. மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலியன தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் அருந்திப் பொருளாயிற்று. ஆனையிறவுப் பாதை மூடப்பட, மக்கள் கிளாலிக் கடலேரியை இரவிற் படகிற் கடந்தனர். அப்போது தோன்றிய ஜாம் போத்தல் விளக்கு ஆராய்ச்சிக்குரிய ஒரு பொருள். போத்தலின் அடியிற் பஞ்சு. பஞ்சு நனையுமளவுக்கு மண்ணெண்ணெய். ஒரு சிறு திரி. எண்ணெய் ததும்பாது, கவிழ்ந்தாலுஞ் சிந்தாது. கண்ணாடிச் சுவரே காற்றுக்குத் தடை. குப்பிவிளக்கு குடிக்கும் எண்ணெயிற் சிறுபகுதியே அதற்குப் போதும். ஒரு தலைமுறை மாணவர் அவ்வொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தனர். சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டி துணையாயிற்று.

இவற்றை ஈழத்தமிழரின் கண்டுபிடிப்புத் திறன் என்று கொண்டாடும் எழுத்துகள் பல வந்துள்ளன. திறனை மறுப்பதற்கில்லை. ஆனால், கையில் வேறெதுவும் விடப்படாதவனின் திறன் அது என்பதை மறக்கலாகாது; மருந்தின்றி இறந்த நோயாளிக்கு எந்தக் கண்டுபிடிப்பும் உதவவில்லை. மேலும், உணவுக்காகத் தலைமுறைகள் காத்த பனை, பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையாகப் பெருந்தொகையிற் தறிக்கப்பட்டது. உடனடி உயிருக்காக நாளைய உணவு வெட்டப்பட்டது.

அக்காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பை ஆயத்தமாக இருந்தது. காணி உறுதி, பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், எஞ்சிய நகை, ஒரு மாற்றுடை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவிற் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது பலரது கையில் இருந்தது அப்பை மட்டுமே. பரணில் இருந்த ஒடியல் பரணிலேயே நின்றது. நூற்றாண்டுக்கணக்கான சேமிப்பு முறை, வீடு அசையாது நிற்கும் என்ற எண்ணத்தின்மேற் கட்டப்பட்டிருந்தது. அவ்வெண்ணம் அன்றிரவு பொய்த்தது.

2009க்குப் பின்னான நிலையைச் சுருக்கமாகவே இங்கு கூறலாம். வன்னியிலும் குடாநாட்டிலும், நகையும் ஆணின் உழைப்பும் இழந்த வீடுகளின் வாசலுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. சீட்டிலே அயலவள் பொறுத்த தவணையை நிறுவனம் பொறுக்கவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெறப்பட்டது. 2018இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வரவேண்டியதாயிற்று. பழைய ஒற்றி வேறு பெயரில் திரும்பியிருந்தது எனின் மிகையாகாது. 2022இல் எரிவாயுவும் எரிபொருளும் நாடெங்கும் அற்றுப்போய், செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, தென்னிலங்கை நகரங்களில் அடுக்குமாடிக் குடும்பங்கள் விறகு எரிக்க இடந்தேடின. யாழ்ப்பாணத்துப் பல வீடுகளில் விறகடுப்பு இடிக்கப்படாமலே இருந்தது. எரிவாயு வந்தபின்பும் அதனை இடிக்கவிடாது காத்த முதிய பெண்களை, அதுவரை, வீட்டார் பழைமைவாதிகள் என்று கேலி செய்துகொண்டிருந்தனர்.